பி.எஸ்சி. கணிதம் முடித்த பிறகு என்ன செய்வது: என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் ஒரு பக்கம், முடித்துவிட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டு, பாதியைச் சொல்லாமல் விட்டோமே என்று பிறகு வருந்தியிருக்கிறேன். அதனால் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

மேத்ஸ் எடுத்தா டீச்சர் வேலை மட்டும்தானா மேடம்?

இல்லை. ஆனால் இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்பது புரிகிறது. நம் ஊரில் கணிதம் படித்தவர் என்று கண்ணில் படுபவர் ஆசிரியர் மட்டும்தான். வங்கி மேலாளரோ, புள்ளியியல் அலுவலரோ, மென்பொருள் எழுதுபவரோ தான் கணிதம் படித்ததை யாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. என்னிடம் படித்தவர்களில் ஆசிரியர்கள்தான் அதிகம், உண்மை. அவர்களுக்கு அடுத்தபடியாக வங்கி, அரசுத் தேர்வுகள், ஐ.டி., பிறகு மேல்படிப்பு வழியே ஆராய்ச்சிக்குப் போன சிலர். ஒவ்வொன்றையும் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

டிகிரி மட்டும் இருந்தா வேலை கிடைக்குமா?

கஷ்டம். இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். பி.காம். முடித்தவரைக் கணக்கு எழுதக் கூப்பிடுவார்கள். பி.எஸ்சி. கணிதம் முடித்தவரை அப்படி எடுத்த எடுப்பில் கூப்பிட ஒரு வேலை கிடையாது. இந்தப் பட்டத்தோடு இன்னொன்று கையில் இருக்க வேண்டும். அது பி.எட்.டாக இருக்கலாம், ஒரு போட்டித் தேர்வாக இருக்கலாம், புள்ளியியலாக இருக்கலாம், நிரல் எழுதத் தெரிவதாக இருக்கலாம், நல்ல இடத்தில் ஒரு எம்.எஸ்சி.யாகவும் இருக்கலாம். கணிதம் படித்தவருக்கு இந்த ஐந்தும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கைக்கு வரும்.

அந்த இன்னொன்று எது என்பதை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தீர்மானித்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் யோசிக்க ஆரம்பிப்பவர்கள் ஒரு வருடத்தை இழக்கிறார்கள். பல தேர்வுகளுக்கு மூன்றாம் ஆண்டின் பாதியிலேயே விண்ணப்பித்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

பி.எட்., டெட், டி.ஆர்.பி.ன்னு எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. எதை எப்போ எழுதணும்?

பி.எட். இரண்டு வருடப் படிப்பு. அதை முடித்து, 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்குமான ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட் இரண்டாம் தாளில் தேற வேண்டும். 150 மதிப்பெண்ணில் 60 கணிதம், அறிவியல் பகுதிக்கு. மீதி 90, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம் என்று மூன்றுக்கும் முப்பது முப்பது. நம் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் அந்த மூன்றில்தான். கணிதத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

டெட் தேறினால் வேலை என்ற காலம் முடிந்துவிட்டது. 2018இல் வந்த அரசாணைப்படி, தேறியவர்கள் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆவதற்கு நியமனத் தேர்வு ஒன்றைத் தனியாக எழுத வேண்டும். அதை நடத்துவதுதான் ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி. 11, 12ஆம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியர் ஆக வேண்டுமானால் எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் முடித்து டி.ஆர்.பி.யின் முதுகலை ஆசிரியர் தேர்வை எழுத வேண்டும்.

இந்தத் தேர்வுகள் வருடா வருடம் தவறாமல் வருபவை அல்ல. அறிவிப்புக்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருந்து நான்கைந்து வருடத்தைக் கரைத்த நல்ல மாணவர்களை எனக்குத் தெரியும். காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளியில் சேருங்கள். சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவர் தேர்வையும் நன்றாக எழுதுகிறார் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

என் டிகிரியில "கணிதம் (கணினிப் பயன்பாடு)"ன்னு இருக்கு. டீச்சர் வேலைக்குச் செல்லுமா?

பட்டத்தின் பெயர் மாறி இருந்தால், அது பி.எஸ்சி. கணிதத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழகம் வாரியாக, பட்டம் வாரியாக இப்படி ஆணைகள் போடப்பட்டிருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகம், உங்கள் பட்டம் இரண்டும் சரியாக அதில் இருக்க வேண்டும். பி.எட். சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு அந்த ஆணையின் நகலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு அன்றைக்குத் தேடி அலைந்து அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பேங்க் எக்ஸாம், டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் மேத்ஸ் ஸ்டூடன்ட்ஸுக்கு ஈஸிதானே?

பாதி உண்மை. வங்கித் தேர்வில் வருவது வட்டி, விகிதம், வேலையும் நேரமும், அட்டவணையைப் படித்து விடை சொல்வது. எஸ்.பி.ஐ. அதிகாரி முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்வி. மூன்று வருடம் மெய்ப்பகுப்பாய்வும் குலமும் வளையமும் படித்த கைக்கு, 37 சதவீதத்தைச் சட்டென்று போட வராது. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. ஆறு மாதம் தினமும் மனக்கணக்குப் போட்டால் சரியாகிவிடும். அதன் பிறகு மற்றவர்களைவிட நீங்கள் வேகமாகத்தான் இருப்பீர்கள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 மட்டும்தான் கணக்கும் திறனறிவும். 100 கேள்வி தமிழ். ஆக, வேலையைத் தீர்மானிப்பது தமிழ்தான். கணிதம் படித்தவர் அந்த 25ஐ முழுதாக எடுத்துவிடலாம், மீதிக்கு எல்லாரையும் போல உழைக்க வேண்டும். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கணிதத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாளுக்கும் சேர்த்து 500 மதிப்பெண். பாடத்திட்டம் பெரியது, ஆனால் நீங்கள் படித்ததில் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

புள்ளியியல் வேலைக்கு மேத்ஸ் படிச்சவங்க போகலாமா?

போகலாம், ஆனால் நம் பிள்ளைகள் இந்தக் கதவைத் தட்டுவதே குறைவு. மத்திய அரசுப் பணிகளுக்கு எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் என்று ஒரு பணி உண்டு. எந்தப் பட்டமாக இருந்தாலும் 12ஆம் வகுப்புக் கணிதத்தில் 60 சதவீதம் இருந்தால் அதற்குப் போட்டியிடலாம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணி இன்னும் உயர்ந்தது. அதற்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது புள்ளியியலில் முதுகலை வேண்டும். ஆகவே முதலாம் ஆண்டில் துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும்போதே கவனமாக இருங்கள். இயற்பியலா புள்ளியியலா என்று கேட்டால், இயற்பியலில் தனி ஆசை இல்லாதவர்களுக்கு நான் புள்ளியியல் என்றுதான் சொல்வேன்.

சி.ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, ராணுவ நில அளவைப் பிரிவு ஒன்றில் கணித வேலைக்கு முயன்று கல்கத்தா போனார். அது கிடைக்கவில்லை. போன இடத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒருவரைச் சந்தித்தார், 1941இல் தானும் அங்கே சேர்ந்தார். கடைசியில் உலகின் தலைசிறந்த புள்ளியியலாளர்களில் ஒருவரானார். 2023இல், தம் நூற்றிரண்டாவது வயதில், சர்வதேசப் புள்ளியியல் பரிசு பெற்றார். வேலை கிடைக்கவில்லை என்று துவண்டு வரும் பிள்ளைகளுக்கு இதை எப்போதும் சொல்வேன்.

ஐ.டி. கம்பெனி எங்களை எடுக்குமா, இல்ல எம்.சி.ஏ. படிக்கணுமா?

எடுப்பார்கள். பி.எஸ்சி. முடித்தவர்களை வேலையில் சேர்த்து, சம்பளத்தோடு எம்.டெக். படிக்கவைக்கும் திட்டங்கள்கூட உண்டு, விப்ரோவின் வில்ப் மாதிரி. இப்படிச் சேரும்போது எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருடம். தமிழ்நாட்டில் டான்செட் தேர்வு வழியே சேரலாம். திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கு நிம்செட் எழுத வேண்டும், அதில் அதிக எடை கணிதத்துக்குத்தான். இது உங்களுக்குச் சாதகமான தேர்வு.

டேட்டா சயின்ஸ் கோர்ஸ் ரெண்டு லட்சம் கேக்குறாங்க, வேலை கேரன்டியாம். சேரலாமா?

சேராதீர்கள். என் மாணவன் ஒருவன் வீட்டில் நகையை அடகு வைத்து இப்படி ஒரு இடத்தில் பணம் கட்டினான். பதிவு செய்த வீடியோக்களைக் காட்டிச் சான்றிதழ் கொடுத்தார்கள், வேலை வரவில்லை. அவன் என் அறைக்கு வந்து சொன்ன அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வேலைக்கு அடிப்படை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம். ஐகன் மதிப்பு என்று தேர்வுக்காகப் படித்தீர்களே, நூறு பத்தி உள்ள தரவை நான்கைந்து பத்தியாகச் சுருக்கும் முறைக்கு அதுதான் உயிர். இல்லாதது எக்செல், எஸ்.க்யூ.எல்., பைத்தான் மூன்றும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். முறையான பட்டமே வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி. இணையம் வழி நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். பட்டம் இருக்கிறது. ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது என்பதால் பி.எஸ்சி. படிக்கும்போதே தொடங்கலாம்.

எம்.எஸ்சி. பண்ணலாம்னு இருக்கேன். பக்கத்து காலேஜ்லயே சேர்ந்திடவா?

டி.ஆர்.பி. முதுகலை ஆசிரியர் தேர்வு மட்டும்தான் இலக்கு என்றால் சேருங்கள், தவறில்லை. அதற்கு மேல் ஏதாவது மனதில் இருந்தால் முதலில் வெளியே முயன்று பாருங்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

சென்னைக்குப் பக்கத்தில், சிறுசேரியில், சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. சி.எம்.ஐ. என்பார்கள். இந்தியா முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள், டெல்டா மாவட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அதன் பெயரைக் கேட்டதில்லை. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் தனித் தேர்வுதான். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள். படிக்கக் காசு இல்லை என்று சொல்லும் பிள்ளைக்குப் படிப்பதற்கே காசு தரும் இடம் இருக்கிறது என்று சொன்னால் முதலில் நம்புவதில்லை. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வு: பிப்ரவரியில் நடக்கும், மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். முன்பே சொன்ன "ஏப்ரலில் யோசிப்பவர்கள்" கோட்டை விடுவது இங்கேதான். ஹைதராபாத், புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலைத் தேர்வு.

பழைய வினாத்தாள்கள் எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சி.எம்.ஐ. தாள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு கணக்குகூட வராமல் போகலாம். பயப்பட வேண்டாம். நம் கல்லூரித் தேர்வுகள் நிரூபணத்தை ஒப்பிக்கச் சொல்கின்றன, அவர்கள் யோசிக்கச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியைக் கடக்க ஒரு வருடம் போதும்.

எனக்கு மேத்ஸ் உண்மையிலேயே பிடிச்சிருக்கா, இல்ல மார்க் வர்றதால பிடிச்சிருக்கான்னு தெரியல.

என்னிடம் வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. கேட்டவள் இரண்டாம் ஆண்டு மாணவி.

ஒரு சோதனை சொல்கிறேன். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது என்று ஒரு தேற்றம் படித்திருப்பீர்கள். அதில் "மூடிய" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 0க்கும் 1க்கும் இடையே, ஆனால் 0 சேராமல், 1/x என்ற சார்பைப் பாருங்கள்: 0ஐ நெருங்க நெருங்க எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகும். தேற்றம் உடைந்துவிட்டது. சரி, "தொடர்ச்சியான" என்பதை எடுத்தால்? இடைவெளி வெறும் விகிதமுறு எண்களாக இருந்தால்? இப்படி ஒவ்வொரு நிபந்தனையையும் கழற்றிப் பார்க்கும் ஆசை உங்களுக்குத் தானாக வருகிறதா, விடை தெரியாமல் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிய முடிகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் மேலே படியுங்கள். வரவில்லை என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. மேலே சொன்ன மற்ற வழிகள் எல்லாம் உங்களுக்கும் திறந்தே இருக்கின்றன.

வசதி இருந்தால் கணித மாணவர்களுக்கான எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். 1993 முதல் நடக்கிறது. சில வாரங்கள் தங்கிப் படிக்க வேண்டும், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். அங்கே ஆசிரியர் பாடம் எழுதிப்போட மாட்டார், கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். போய்வந்த பிள்ளைகள் வேறு ஆளாகத் திரும்பி வருகிறார்கள்.

ஆக்சுவரின்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

ஆயுள் காப்பீட்டில் நாற்பது வயதுக்காரர் எவ்வளவு பிரீமியம் கட்டினால் நிறுவனம் நொடிக்காது, அவருக்கும் நியாயமாக இருக்கும் என்று கணிப்பவர். இறப்பு வீதம், வட்டி, நிகழ்தகவு மூன்றும் சேர்ந்த வேலை. இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்து, பத்துக்கும் மேற்பட்ட தாள்களை ஒவ்வொன்றாகத் தேற வேண்டும். பல வருடம் பிடிக்கும், தேர்வுக் கட்டணமும் கூடுதல். ஆனால் முதல் சில தாள்கள் தேறியதுமே வேலைக்கு எடுப்பவர்கள் உண்டு, மீதியை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம்.

நான் முழுக்கத் தமிழ் மீடியம். இதெல்லாம் எனக்கு ஒத்துவருமா?

தமிழ்நாடு அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழில் படித்திருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்றிதழ் வேண்டும். பள்ளியில் வாங்க வேண்டியதை இப்போதே வாங்கிவிடுங்கள்.

ஜாம், நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) போன்றவற்றின் கணிதத் தாளுக்கு ஆங்கிலம் பெரிய தடை இல்லை. ஒரு கணித நூலில் திரும்பத் திரும்ப வருவது இருநூறு முந்நூறு சொற்கள்தான். தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதி ஒரு நோட்டுப் போடுங்கள். தமிழில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அது ஒரு பருவத்தில் கைக்கு வந்துவிடும். நேர்காணலில் பேசுவதுதான் தயக்கமாக இருக்கும். அதற்குப் பேசிப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை. தினமும் ஒரு கணக்கைத் தோழியிடம் ஆங்கிலத்தில் விளக்குங்கள்.

பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வெக்கணுமா டீச்சர்? கல்யாணம் பண்ணிக்குடுத்திட்டா போச்சு.

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். கோபப்படாமல் பதில் சொல்லப் பழகியிருக்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் பயம்தான் இருக்கிறது. விடுதி பாதுகாப்பானதா, செலவு யார் தருவது என்ற பயம். செலவுக்கு எம்.எஸ்சி. கேள்வியில் சொன்ன உதவித்தொகையைப் பாருங்கள். விடுதியை நேரில் போய்ப் பாருங்கள், அங்கே படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளையிடம் பேசுங்கள். நானே பலரைப் பேசவைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு படிக்கலாம் என்று நிறுத்திய என் மாணவிகளில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். அனுப்புங்கள் அம்மா.

பேங்க்ல சேர்ந்துட்டா அவ்வளவுதானா? அப்புறம் கணக்கே இல்லையா?

1912 மார்ச்சில் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், அதற்கு முன்பு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணித விரிவுரையாளர். அலுவலகத்தில் கணக்கு வழக்குப் பார்த்துவிட்டு, மாலையில் இருவரும் கணிதம் போட்டார்கள். ராமானுஜனைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். நாராயண ஐயரைப் பற்றியும் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வேலைக்குப் போன பிறகும் கணிதத்தை விடாமல் வைத்திருந்ததால்தான், எதிரில் இருப்பவர் யார் என்று அவரால் கண்டுகொள்ள முடிந்தது.

முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு, திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. நடுவுல ரெண்டு அரியர் வேற. இனிமே முடியுமா?

முதலில் அரியரை முடியுங்கள். உங்கள் பதிவு எண்ணுக்குப் பழைய பாடத்திட்டத்தில் எத்தனை வருடம் வரை எழுத அனுமதி இருக்கிறது என்று பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கேளுங்கள். காலம் கடந்தவர்களுக்குச் சில சமயம் சிறப்பு வாய்ப்பு அறிவிப்பார்கள். பட்டம் கைக்கு வராமல் மேலே சொன்ன எதுவும் நகராது.

அதன் பிறகு வயதைப் பாருங்கள். இந்தியப் புள்ளியியல் பணிக்குப் பொதுப்பிரிவில் 30 வயது வரைதான். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கும் வயது வரம்பு உண்டு, ஆனால் கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்காக நெட் எழுத உச்ச வயது கிடையாது. ஜாம் தேர்வுக்கும் வயது வரம்பு இல்லை. வேலையை உடனே விடாதீர்கள். ஷிப்ட் முடிந்து தினமும் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால், முதல் இரண்டு மாதம் 12ஆம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை மட்டும் கடைசிப் பயிற்சி வரை போடுங்கள். விட்ட இடம் எது என்று அதிலேயே தெரிந்துவிடும். போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பழைய ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு வருபவரிடம் என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரிவதில்லை. நோட்டோடு வந்தால் எங்கே தொடங்கலாம் என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவோம்.